மூடியைத் திறந்தா மூளை தெரியும்!

லீவு விட்டதும் பெட்டியைக் கட்டிக்கிட்டு ஹாஸ்டலை விட்டு ஓடற ஆளா நீங்க? அமெரிக்காவில் ஒரு கூட்டம், லீவில்தான் ஹாஸ்டலுக்கே வந்து குடியேறுது. அதுவும் கையில் நாற்பது வருஷப் பழைய கம்ப்யூட்டரோடு!

விழா பேரு கேன்சஸ்ஃபெஸ்ட். 'ஆப்பிள் 2' கம்ப்யூட்டர் ரசிகர்கள் 1989-லிருந்து கூடற திருவிழா. பேர்தான் கேன்சஸ்... பல வருஷம் நடந்த இடமோ மிசௌரி மாநிலத்துக் கேன்சஸ் சிட்டி! அங்கே ராக்ஹர்ஸ்ட் பல்கலைக்கழக ஹாஸ்டலில் பல வருஷம் ஜாகை போட்டாங்க. கொரோனா காலத்தில் ஆன்லைனில் கூடினாங்க.

அங்கே என்ன ஸ்பெஷல்?

ரூம் கதவை அலங்கரிக்க ஒரு போட்டி. விழா முடியறதுக்குள்ளே புது புரோகிராம் எழுதிக் காட்ட 'ஹேக்ஃபெஸ்ட்'னு இன்னொரு போட்டி. வீட்டில் தேங்கின பழைய பாகங்களைக் கொண்டுவந்து, வேணும்கிறவங்களுக்கு இலவசமா அள்ளிக் கொடுக்கற வைபவமும் உண்டு. செமல்ல?

அப்படி என்ன மயக்கம் அந்த மெஷின் மேலே? 1977-ல் ஸ்டீவ் வோஸ்னியாக் வடிவமைச்சது. 1,298 டாலர் விலைக்குக் கிடைச்ச மெமரி வெறும் 4 கேபி! உங்க செல்போன் போட்டோ ஒண்ணுக்குக்கூடப் பத்தாது. ஆனா ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே மூடியைத் தூக்கிடலாம். உள்ளே 8 ஸ்லாட். வேண்டிய கார்டை நீங்களே செருகிக்கலாம். பேசிக் மொழி உள்ளேயே இருக்கும். டைப் அடிச்சா உடனே பதில் சொல்லும். இப்ப உங்க போனைத் திறந்து பாருங்களேன்... முடியுதா?

வெறும் பழசு மோகம்னு நினைச்சுடாதீங்க. 'பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா' கேம் தெரியும்தானே? ஜோர்டான் மெக்னர் அதை முதலில் எழுதினது ஆப்பிள் 2-வில்தான். கேம் வெளிவந்தது 1989-ல். அப்புறம் அதோட மூல புரோகிராம் எங்கே போச்சுன்னே தெரியலை. 2012-ல் அவர் அப்பா வீட்டு அலமாரியில் ஒரு பெட்டி கிடைச்சுது. உள்ளே பழைய ஃப்ளாப்பிகள்! காந்தப் பதிவு நாளாக நாளாக மங்கும். அதோட, அதைப் படிக்கிற மெஷினும் வேணும், ஓட்டத் தெரிஞ்ச ஆளும் வேணும். ஆப்பிள் 2 ஆர்வலர் டோனி டயஸும், டிஜிட்டல் ஆவணங்களைக் காப்பாத்தற ஜேசன் ஸ்காட்டும் வந்து உட்கார்ந்தாங்க. புரோகிராம் உயிரோட வந்துச்சு! இன்னிக்கு யார் வேணும்னாலும் இணையத்தில் இலவசமா படிக்கலாம்.

ஆப்பிள் 2 தயாரிப்பு 1993-லேயே நின்னாச்சு. புது மெஷின் வராது. அதை ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கும் வயசாகுது. அந்தக் கைவித்தை அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரணும்னா, இப்படிக் கூடினாதான் உண்டு.

நீங்களும் ஆரம்பிக்கலாம் பாஸ். பரணில் பழைய கம்ப்யூட்டர் இருந்தா, எடுத்ததும் பிளக்கைச் சொருகாதீங்க. பவர் சப்ளையில் வயசான கெபாசிட்டர் வெடிச்சுப் புகை கக்கலாம். தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட முதலில் காட்டுங்க. கூடவே ஃப்ளாப்பி, சி.டி. கிடக்கா? இந்த ஞாயித்துக்கிழமையே காப்பி எடுத்து வச்சுடுங்க. அண்ணனோட காலேஜ் புராஜெக்ட்டோ, தாத்தாவோட போட்டோவோ... உள்ளே என்ன காத்திருக்குன்னு யாருக்குத் தெரியும்!