துருவும் மணலும்

மண்ணச்சநல்லூரிலிருந்து துறையூருக்குச் செல்லும் சாலையோரத்தில், மோட்டார் வண்டிகளுக்கு டிங்கரிங் வேலை செய்யும் கொட்டகை ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் ஒரு நாள் மாலை உலாவச் சென்றபோது, அக்கொட்டகையிலிருந்து புழுதி மேகம் ஒன்று எழக் கண்டேன். அதன் நடுவே ஓர் இளைஞன், முகத்தில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு, துப்பாக்கி போன்ற கருவியொன்றால் பழைய அம்பாசடர் காரின் கதவின்மீது மணலைப் பாய்ச்சிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கருவியை நிறுத்தித் துண்டை அவிழ்த்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் பயின்றவன்!

"வணக்கம் ஐயா! துரு எப்படிப் போகிறது, பாருங்கள்" என்றான்.

துரு போயிருந்தது, ஐயமில்லை. வெண்சாம்பல் நிறத்தில் தகடு பளிச்சென்று வெளிப்பட்டிருந்தது. ஆனால் என் பார்வை அவன் கையிலிருந்த துண்டைவிட்டு அகலவில்லை. அது ஏன் என்பதைச் சொல்லுமுன், அக்கருவியின் திறத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரும்பு, நீரும் பிராணவாயுவும் ஒருங்கே சேருமிடத்தில் துருவாக மாறுகிறது. துரு தான் தின்ற இரும்பைக் காட்டிலும் இரு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவேதான் அது வண்ணப்பூச்சைக் கொப்புளம்போல் மேலே தூக்கிவிடுகிறது. கொப்புளத்தை உடைத்துப் பார்த்தால் உள்ளே தகட்டில் சிறு குழிகள் தெரியும். உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் மேடுகள் மட்டுமே தேயும். குழிக்குள் பதுங்கிய துரு அப்படியே இருக்கும். அதன்மேல் பட்டி பூசி வண்ணமடித்தால், அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் கொப்புளம் மீண்டும் கிளம்பும். மணல் துகளோ குழிக்குள்ளும் புகுந்து துருவைக் கொத்தி எடுத்துவிடும்.

இம்முறைக்கு 1870இல் உரிமம் பெற்றவர் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தைச் சேர்ந்த பெஞ்சமின் டில்மன் என்பவர். கைக்கருவியின் அமைப்பு எளியது. கம்ப்ரஸரிலிருந்து வரும் காற்று ஒரு குறுகிய துளைவழியே விரைந்து பாய்கிறது. காற்று விரைந்தோடும் இடத்தில் அழுத்தம் குறையும் என்று பௌதிகப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்தக் குறைந்த அழுத்தம், கீழே தொங்கும் குழாய்வழியே மணலை உறிஞ்சி எடுக்கிறது. கொசு மருந்து தெளிக்கும் கைப்பம்பிலும் இதுவே நடைபெறுகிறது.

எங்கள் ஊர் அரிசிக்குப் பெயர்பெற்ற ஊர். ஆலையில் அரிசியைத் தீட்டும்போது தவிடு போகவேண்டும், அரிசி நொறுங்கக்கூடாது. கார்த் தகட்டின் கதையும் அதுவே. அதன் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். பெரும்பாலும் அதற்கும் குறைவு. பாலத்து உத்தரங்களைத் துப்புரவு செய்யச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தம் வைப்பார்கள். அவ்வழுத்தத்தைக் கார்க் கதவில் காட்டினால் தகடு வளைந்துபோகும். வெப்பத்தால் வளைகிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் ஒவ்வொரு துகளும் சிறு சுத்தியல்போல் அடிக்க, அடிபட்ட பக்கம் விரிய முயல்கிறது, மறுபக்கம் விரிவதில்லை, ஆதலால் தகடு புடைக்கிறது. எனவே பாதியளவு அழுத்தம் வைத்து, கருவியைச் சாய்த்துப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருத்தல் வேண்டும். கம்ப்ரஸர்க் காற்றில் நீர் சேரும். அதை வடித்துவிட வேண்டும். துப்புரவான தகட்டை வெறுங்கையால் தொடலாகாது. வியர்வையின் உப்பு புதிய துருவுக்கு வித்தாகும். அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும். ஐப்பசி மாதமானால் மாலைவரை காத்திருப்பதும் தவறு.

இவையனைத்தையும் என் மாணவன் நன்கறிந்திருந்தான். அவன் அறியாதது மணலைப் பற்றி.

அவன் பயன்படுத்தியது ஆற்று மணல். அதில் பெரும்பகுதி படிகக்கல், அதாவது சிலிகா. தகட்டில் மோதியதும் மணல் உடைகிறது; உடைந்த தூளில் ஒரு பகுதி, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கினும் சிறியது. அது கண்ணுக்குத் தெரியாது. நாம் காணும் புழுதி மூக்கிலேயே தங்கிவிடும். காணாத புழுதியே நுரையீரலின் அடிவரை செல்லும். ஈரத் துண்டு அதைத் தடுக்காது. அங்கே உடலின் காவல் அணுக்கள் அத்துகளை விழுங்குகின்றன. ஆனால் அதைச் செரிக்க இயலாமல் தாமே மடிகின்றன. விடுபட்ட துகளை அடுத்த அணு விழுங்குகிறது. இவ்வாறு தொடர்ந்து, மென்மையான நுரையீரலில் தழும்பு தழும்பாகக் கட்டிப்போகிறது. இதற்குச் சிலிகோசிஸ் என்று பெயர். தழும்பை மாற்ற மருந்து இல்லை. காசநோயும் இவர்களை எளிதிற் பற்றும். 1997இல் உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இத்தூளைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் வகுப்பிலேயே சேர்த்தது.

வார்ப்பிரும்புப் பொருள்களை மணலால் பீச்சித் துப்புரவு செய்வதை விலக்கும் விதிகளைப் பிரிட்டன் 1949இலேயே இயற்றிவிட்டது. துருக்கியில், ஜீன்ஸ் துணியைப் பழையது போலத் தோன்றச் செய்ய மணல் பீச்சிய இளைஞர் பலர் மூச்சு முட்டி மாண்டபின், 2009இல் அவ்வேலை தடைசெய்யப்பட்டது. கால்சட்டையின் அழகுக்காக உயிர் போயிற்று! நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் சிலிகோசிஸை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் வைத்தது. ஆனால் மின்விசை கொண்டு பத்துப் பேரேனும் வேலை செய்யுமிடமே அச்சட்டத்தின் பார்வையில் தொழிற்சாலையாக இருந்தது. சாலையோரக் கொட்டகையில் மூவரே இருந்தனர்.

வேறு வழி உண்டா? உண்டு. கார்னெட் என்னும் செந்நிறத் தாது திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரைகளில் இயற்கையாகவே கலந்து கிடக்கிறது. (2013இல் அதை அள்ளுவதைத் தமிழக அரசு நிறுத்திவைத்தது, அவ்வழக்கு வேறு கதை.) அதிலும் சிலிக்கன் உண்டு. ஆயின் அது பிற உலோகங்களோடு பிணைந்திருப்பதால் தனிச் சிலிகாவின் கொடுமை அதற்கில்லை. விலை கூடுதல்தான், எனினும் சலித்துச் சலித்துப் பலமுறை பயன்படுத்தலாம். எதைப் பாய்ச்சினாலும் பழைய வண்ணத்தின் தூளும் பறக்கும். அதில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழிக் கொணரும் முகமூடி வேண்டும். சிறு உறுப்புகளைக் கண்ணாடி பதித்த மூடிய பெட்டிக்குள் வைத்து, பெட்டியோடு பொருத்திய கையுறைவழியே கைவிட்டு வேலை செய்யலாம். அருகில் நின்று தேநீர் கொடுக்கும் சிறுவனையும் தொலைவில் நிறுத்த வேண்டும்; அவன் மூச்சும் மூச்சுதானே!

இவற்றையெல்லாம் சொன்னேன். அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஆறு ஆண்டு ஆகிவிட்டதே, ஐயா" என்றான். மறுநாளே இருவரும் பேருந்தேறித் திருச்சிராப்பள்ளி அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். மார்பைப் படமெடுத்தார்கள். இப்போதைக்குத் தழும்பு எதுவும் தெரியவில்லை என்றும், ஆண்டுதோறும் வந்து பார்க்கவேண்டும் என்றும் மருத்துவர் சொன்னார்.

சென்ற வாரம் மீண்டும் அவ்வழியே போனேன். அம்பாசடரின் கதவு பிரைமர் பூசிக் காய்ந்துகொண்டிருந்தது. இரும்புப் பீப்பாய் ஒன்றை நெடுக வெட்டிக் கண்ணாடி பொருத்தி, அவனே பெட்டியொன்று செய்துகொண்டிருந்தான். முகமூடிக்கு முதலாளி இன்னும் பணம் தரவில்லையாம். அதுவரை கதவு வேலை எடுப்பதில்லை என்றான். கொட்டகையின் பின்புறம் கிடந்த மணற்குவியலுக்குக் கொத்தனார் ஒருவர் விலை பேசிக்கொண்டிருந்தார்.