கருவி செய்யப் பணம் உண்டு. கல்லூரியில் இடம் இல்லை

புது தில்லி: காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் ரயில் பாதையில், தருமாவரம் பாதை பிரியும் சந்திப்பு பாகாலா. 1953 வரை சென்னை மாநிலத்தில் இருந்த பழைய சித்தூர் மாவட்டத்தின் ஊர். அதே பாதையில் திருப்பதியையும் ரேணிகுண்டாவையும் கடந்தால் ஏர்ப்பேடு வரும். 2015-ல் தொடங்கப்பட்ட திருப்பதி ஐஐடியின் வளாகம் அங்குதான் உள்ளது.

பாடத்தேர்வில் பின்தங்கியிருந்தாலும், தன் கையால் ஒரு கருவியைச் செய்து இயக்கிக் காட்டும் பாகாலா மாணவன் ஒருவன் அந்த வளாகத்துக்குள் பி.டெக். மாணவனாக நுழைய முடியுமா? சேர்க்கை விதிகளில் அவனுடைய கருவிக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

விந்தை என்னவெனில், அந்தக் கருவியைச் செய்யப் பணம் தருவதும் மத்திய அரசுதான். நீதி ஆயோக் 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு ரூ.20 லட்சம் வரை மானியம் உண்டு. அடுத்த 5 ஆண்டுகளில் மேலும் 50,000 ஆய்வகங்கள் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. அறிவியல் தொழில்நுட்பத் துறையோ, இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில் தேர்வாகும் பள்ளி மாணவருக்கு மாதிரி செய்ய ரூ.10,000 அளிக்கிறது. ஆனால் மாணவர்களை ஐஐடிகளில் சேர்க்கும் விதிகள் கல்வி அமைச்சகத்தின் வட்டத்துக்குள் வகுக்கப்படுகின்றன. ஒரு துறை ஊக்குவிப்பது மற்றொரு துறையின் கணக்கில் ஏறுவதில்லை.

ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசையில் இடம்பெறுவதுடன், பிளஸ் 2-வில் 75 சதவீதம் எடுத்திருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு இது 65 சதவீதம். அல்லது தம் தேர்வு வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வர வேண்டும். 2006-ல் பொதுப் பிரிவினருக்கு 60 சதவீதமே போதுமானதாக இருந்தது. என்ஐடி தரவரிசையில் 2013 முதல் 2016 வரை பள்ளி மதிப்பெண்ணுக்கு 40 சதவீத எடை தரப்பட்டு, 2017-ல் கைவிடப்பட்டது. இத்தனை மாற்றங்களும் பள்ளி மதிப்பெண்ணா, நுழைவுத்தேர்வு மதிப்பெண்ணா என்ற வழக்கைச் சுற்றியே நடந்தன. மூன்றாவது அளவுகோல் எதுவும் விதிகளில் ஏறவில்லை.

அதன் விலை 2016-ல் வெளிப்படையாகத் தெரிந்தது. பத்தாம் வகுப்பும் பிளஸ் 2-வும் எழுதாமல் வீட்டிலேயே படித்த மும்பை மாணவி ஒருவர், சர்வதேசக் கணினி ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக 3 பதக்கங்கள் வென்றவர். பிளஸ் 2 சான்றிதழ் இல்லாததால் ஐஐடியில் அவருக்கு இடமில்லை. சென்னை கணிதவியல் நிறுவனம் அவரை எம்.எஸ்சி. நிலைப் படிப்பில் சேர்த்துக்கொண்டது. பின்னர் அமெரிக்காவின் எம்ஐடி அவரை அழைத்துக்கொண்டது.

அதன்பின் சில கதவுகள் திறந்துள்ளன. சென்னை ஐஐடி 2024-25 முதல் விளையாட்டு வீரர்களுக்கும், 2025-26 முதல் கலைத் திறனாளர்களுக்கும், அறிவியல் ஒலிம்பியாடில் தேறியவர்களுக்கும் கூடுதல் இடங்களை ஒதுக்கி வருகிறது. கான்பூர் ஐஐடியும் 2025-26-ல் ஒலிம்பியாட் வழிச் சேர்க்கையைத் தொடங்கியது. விளையாட்டு, கலைப் பிரிவினருக்கும் ஜேஇஇ அட்வான்ஸ்டு தரவரிசை கட்டாயம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனாலும், பந்து விளையாடுவதும் பாடுவதும் தனித்தகுதி ஆகும் ஒரு பொறியியல் நிறுவனத்தில், பொறி செய்வது தனித்தகுதி ஆகாதது வேடிக்கைதான். ஒலிம்பியாட் பயிற்சியோ பெருநகரங்களின் சொத்து. பாகாலாவுக்கு அது எளிதில் எட்டாது.

இந்தத் தயக்கத்துக்கு வலுவான காரணமும் உண்டு. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியில் 1979-ல் நடந்த சேர்க்கையில், எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண்ணும் நேர்காணலுக்கு 50-ம் வைக்கப்பட்டன. ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடங்களே நேர்காணல் நடந்ததாகவும், எழுத்துத் தேர்வில் மிகவும் பின்தங்கியவர்கள் நேர்காணல் மதிப்பெண்ணால் முன்னேறியதாகவும் புகார் எழுந்தது. அஜய் ஹாசியா வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில் நீதிபதி பி.என்.பகவதி அளித்த தீர்ப்பு, நேர்காணலுக்கு 15 சதவீதத்துக்கு மேல் ஒதுக்குவது தன்னிச்சையானது என்றது. நேர்காணலை ஒலிநாடாவில் பதிவு செய்வது விரும்பத்தக்கது என்றும் குறிப்பிட்டது.

ஆங்கிலம் பேசுபவனுக்கும் சிபாரிசு உள்ளவனுக்கும் சாதகமாகும் நேர்காணலைவிட, கண்ணற்ற மதிப்பெண்ணே கிராமத்துப் பிள்ளைக்குக் கவசம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2006-ல் சட்டம் இயற்றி நுழைவுத்தேர்வை நீக்கி, பிளஸ் 2 மதிப்பெண்ணையே அளவுகோலாக்கியது தமிழகம். 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் வந்தது. ஆந்திரத்தில் 2008-ல் அமைந்த ராஜீவ் காந்தி அறிவுத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறது. அரசுப் பள்ளி மாணவரின் மதிப்பெண்ணுடன் கூடுதல் புள்ளிகளைக் கூட்டித் தரும் கருணையும் அங்கு உண்டு.

எம்ஐடி 2013 முதல், விண்ணப்பதாரர்கள் தாங்கள் செய்த பொருள்களின் தொகுப்பை அனுப்ப இடம் தருகிறது. இறுதியாண்டு புராஜெக்டே விலைக்குக் கிடைக்கும் நம் நாட்டில் அதை அப்படியே நகலெடுத்தால், வசதியுள்ள பள்ளிகளே கொள்ளை கொண்டு போகும். காகிதத் தொகுப்பைப் பார்க்காமல், மாணவன் செய்த கருவியை அவன் எதிரிலேயே பழுதாக்கி, அவனையே சரிசெய்யச் சொல்லலாம். பாகங்களைக் கொடுத்து ஓர் அறையில் அமரவைத்து, புதிதாக ஒன்றைச் செய்யச் சொல்லலாம். முழுவதையும் படம்பிடித்து, 15 சதவீத எல்லைக்குள் மதிப்பெண் தந்தால் நீதிமன்றத்தின் அச்சத்துக்கும் பதில் கிடைக்கும். கூடுதல் இடங்களாக ஒதுக்கினால் இட ஒதுக்கீட்டுக்கும் பாதிப்பு வராது. விளையாட்டுக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்யச் சொல்கிறோம். புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அதுவரை பாகாலா மாணவனுக்கு இருப்பவை சுற்றுவழிகளே. தில்லி அரசு 2008-ல் அமைத்த இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்ப நிறுவனம், ஒலிம்பியாட், நிரலாக்கப் போட்டி போன்றவற்றில் சாதித்தவர்களுக்கு ஜேஇஇ மெயின் மதிப்பெண்ணுடன் ஊக்கப்புள்ளி சேர்க்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, ஈசெட் தேர்வெழுதி, பொறியியல் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேரலாம். கைத்திறன் உள்ளவனுக்கு இதுவே பழகிய பாதை. சென்னை ஐஐடி 2023-ல் தொடங்கிய எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் பி.எஸ். பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் போதும். அது பி.டெக். அல்ல என்றாலும் ஐஐடி பட்டம்தான். பாடங்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். ஆய்வகப் பயிற்சிக்கு மட்டும், காட்பாடியில் ரயில் மாறிச் சென்னை வளாகத்துக்குச் செல்ல வேண்டும்.