வெங்காய ஏற்றுமதி: மூட்டை கட்டுமுன் கேட்டறிய வேண்டியவை



மலேசியா, சிங்கப்பூர் போன்ற நாடுகளில் நமது சின்ன வெங்காயத்துக்கு நல்ல கிராக்கி உண்டு. ஆனால் வெங்காயம் நெடுநாள் காத்திருக்கும் சரக்கன்று. விதி தெரியாமல் துறைமுகத்துக்கு அனுப்பி, அங்கே அது முடங்கிவிட்டால் முளைவிடும், அழுகும், லாரி வாடகையும் வீண். ஆகவே, விதிகளை எங்கே, எவ்வாறு கேட்டறிவது என்பதை இங்குக் காண்போம்.

விதி மாறும் வேகம்

2023 ஆகஸ்டில் வெங்காயத்துக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி விதிக்கப்பட்டது. அக்டோபர் இறுதியில் டன்னுக்கு 800 டாலர் குறைந்தபட்ச விலை நிர்ணயமாயிற்று. டிசம்பர் 8 முதல் ஏற்றுமதியே தடை செய்யப்பட்டது. 2024 மே மாதம் தடை நீங்கியது. எனினும் 550 டாலர் குறைந்தபட்ச விலையும் 40 சதவீத வரியும் இருந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் விலை வரம்பு நீங்கி, வரி 20 சதவீதமாகக் குறைந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் வரியும் நீக்கப்பட்டது. இருபது மாதங்களில் ஆறு மாற்றங்கள்!

பெரிய வெங்காயத்தின் விலையேற்றத்தை அடக்க வந்த விதி சின்ன வெங்காயத்தையும் ஏன் தொடுகிறது? சரக்குப் பட்டியலில் இரண்டுக்கும் 0703 10 என்ற ஒரே எண்தான். உங்கள் விளைபொருளின் எண்ணை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால்தான் சரியான விடை கிடைக்கும்.

யாரிடம் எதைக் கேட்பது?

1. பொருளை அனுப்பலாமா, உரிமம் தேவையா, தடையா என்பதைச் சொல்வது வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம். சென்னை, கோவை, மதுரையில் இதன் அலுவலகங்கள் உள்ளன. இது வெளியிடும் 'அறிவிக்கை' கொள்கையை மாற்றும். 'பொது அறிவிப்பு' நடைமுறையை மாற்றும். 'வணிக அறிவிப்பு' விளக்கம் தரும். இவற்றை அதன் இணையதளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம்.

2. ஏற்றுமதி வரியை விதிப்பது நிதி அமைச்சகம். ஆகவே, தடை இல்லை என்று கேட்டதோடு நின்றுவிடாமல், சுங்கத்துறையிடம் வரியையும் கேளுங்கள்.

3. காய்கனிகளுக்கான பதிவையும் வாங்கும் நாட்டின் தரத் தேவைகளையும் அபெடாவிடம் அறியலாம். மஞ்சள், மிளகாய் அனுப்புவோர் கொச்சியிலுள்ள நறுமணப் பொருள் வாரியத்தை அணுக வேண்டும்.

4. பயிர் நலச் சான்றுக்கு மத்திய அரசின் பயிர்த் தொற்றுத் தடுப்பு நிலையத்தை அணுகுங்கள்.

குறியீட்டு எண்

ஏற்றுமதி செய்வோருக்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீட்டு எண் அவசியம். கட்டணம் 500 ரூபாய். தனிநபரோ, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ பான் எண்ணைக் கொண்டு விண்ணப்பிக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் முடிய, மாற்றம் ஏதுமில்லாவிட்டாலும், விவரங்களை இணையத்தில் உறுதி செய்ய வேண்டும். தவறினால் எண் செயலிழந்துவிடும். அறுவடை நேரத்தில் இதை அறிந்து திகைப்பதில் பயனில்லை.

தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்

2023 டிசம்பர் தடையின்போது, அறிவிக்கைக்கு முன்பே சுங்கத்திடம் ஒப்படைத்த சரக்குகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. அதற்குச் சான்று தேதியிட்ட தாள்களே. தடை வந்தால் முன்பணமும் போக்குவரத்துச் செலவும் யார் பொறுப்பு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்துக்கு முன் ஒருமுறை, அறுவடைக்கு முன் ஒருமுறை, லாரியில் ஏற்றும் நாளன்று ஒருமுறை விதியைப் பாருங்கள். சென்ற மாதம் கேட்ட விடையை நம்பி இன்று மூட்டை கட்டாதீர்கள். மண்ணைச் சோதித்து விதைப்பவர், விதியைச் சோதித்து அனுப்பினால் விளைந்ததன் பலன் வீடு வந்து சேரும்.