பிழையைச் சொல்லவிடும் தலைமை

தலைமை என்றதும் ஆணையிடும் குரலே நம் நினைவுக்கு வருகிறது. பிறரைப் பேசவிடும் தலைமையே கற்கும் நிறுவனத்தை உருவாக்கும் என்று ஆய்ந்து காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியை ஏமி எட்மண்ட்சன். வணிகவியல் மாணவி என்ற முறையில் அவரது ஆய்வு என் சிந்தையைக் கவர்ந்தது.

பொறியியல் கற்ற அவர், முதலில் வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் பொறியாளராகப் பணிபுரிந்தார். பின்னர் முனைவர் பட்ட ஆய்வின்போது, இரு மருத்துவமனைகளின் எட்டுப் பிரிவுகளில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையான குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்றே எதிர்பார்த்தார். கணக்கோ நேர்மாறாக வந்தது! நல்ல தலைமை வாய்த்த பிரிவுகளிலேயே தவறுகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன.

காரணம் என்ன? அப்பிரிவுகளில் தவறுகள் தயக்கமின்றிச் சொல்லப்பட்டன. தலைமைச் செவிலியருக்கு அஞ்சிய பிரிவுகளில் அவை மறைக்கப்பட்டன என்பதே அவர் கண்ட விளக்கம். மறைந்த தவற்றைத் திருத்துவது யார்? அதனால் துன்புறுபவர் நோயாளி அல்லவா?

இவ்வாய்வு 1996-இல் வெளியாயிற்று. 1999-இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, ‘உளப் பாதுகாப்பு’ உள்ள குழுக்களே மிகுதியாகக் கற்கின்றன எனக் காட்டினார். ஐயம் கேட்டாலும் தவற்றைச் சொன்னாலும் இழிவு நேராது என்ற நம்பிக்கையே உளப் பாதுகாப்பு. அதற்காகத் தலைவர் தரத்தைத் தளர்த்த வேண்டியதில்லை.

நண்பர்களே! நாளை நம்மில் பலர் அலுவலகங்களில் பிறரை வழிநடத்துவோம். கீழே பணிபுரிபவர் கெட்ட செய்தியுடன் வந்து நிற்கையில் நம் முகம் எப்படி மாறுகிறதோ, அதைப் பொறுத்தே அடுத்த செய்தி நம்மை வந்தடையும்.