கல்லூரியோடு முடியாத ஆட்டம்

2025 ஜூன் 22 அன்று ஓக்லஹோமா சிட்டியில் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியான என்.பி.ஏ.வின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் நடந்தது. ஓக்லஹோமா சிட்டி தண்டர் 103, இந்தியானா பேசர்ஸ் 91. வென்ற அணியின் உயரமான சென்டர் செட் ஹோம்கிரன். தோற்ற அணியின் கார்டு ஆண்ட்ரூ நெம்ஹார்ட். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு இருவரும் ஒரே கல்லூரி அணியில் ஆடியவர்கள். வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரிலுள்ள கொன்சாகா பல்கலைக்கழகம் அது. அந்த அணியில் பந்து அதிகம் தேடிப்போன ஆள் இவர்கள் இருவருமல்ல, ட்ரூ டிம்மி. இறுதித் தொடர் நடந்தபோது அவருடைய என்.பி.ஏ. அனுபவம் சில வார காலம்தான்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து ரசிகர்களில் ஒரு தனி வகையினர் உண்டு. பட்டம் பெற்றோ பெறாமலோ தங்கள் கல்லூரியை விட்டுப் போன வீரர்கள் எந்த நாட்டில், எந்த அணியில், எத்தனை நிமிடம் ஆடுகிறார்கள் என்று பல ஆண்டுகள் பின்தொடர்பவர்கள். நம் ஊரில் ஒரு கிரிக்கெட் வீரர் எந்தக் கல்லூரியில் படித்தார் என்று யாரும் கேட்பதில்லை. அங்கே அது வீரரின் பெயரோடு ஒட்டிய இரண்டாவது பெயர் மாதிரி. தொலைக்காட்சியில் அணியை அறிமுகப்படுத்தும்போது பிறந்த ஊருக்குப் பதிலாகக் கல்லூரிப் பெயரைச் சொல்வதும் வழக்கம். இந்தப் பின்தொடர்தலை எப்படிச் செய்வது, எதைப் பார்ப்பது என்று விளக்க கொன்சாகாவைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1887இல் சேசு சபையினர் தொடங்கிய கல்வி நிறுவனம் இது. சென்னை லயோலா கல்லூரியையும் திருச்சி புனித வளனார் கல்லூரியையும் நடத்துகிற அதே சபை. சில ஆயிரம் மாணவர்களே படிக்கும் இடம். 1999 முதல் நடந்த ஒவ்வொரு என்.சி.ஏ.ஏ. தேசியக் கல்லூரிப் போட்டித் தொடருக்கும் அதன் ஆண்கள் அணி தகுதி பெற்றிருக்கிறது. 2017இலும் 2021இலும் இறுதி ஆட்டம்வரை போய் இரண்டிலும் தோற்றது. 1999 முதல் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃபியூ. இத்தனைக்கும் முன்பே அங்கிருந்து என்.பி.ஏ.வுக்கு ஒருவர் போயிருந்தார்: ஜான் ஸ்டாக்டன். ஸ்போகேனில் பிறந்து, அங்கேயே படித்து, 1984இல் யூட்டா ஜாஸ் அணிக்கு 16ஆவது ஆளாகத் தேர்வானவர். 19 சீசன்கள் அதே அணியில் ஆடினார். அவருடைய 15,806 அசிஸ்ட்களையும் 3,265 ஸ்டீல்களையும் இன்றுவரை யாரும் எட்டவில்லை.

ஸ்டாக்டன்போல ஒரே அணியில் தொடங்கி அங்கேயே முடிப்பவர்கள் மிக அரிது. மற்றவர்களின் பாதையைப் புரிந்துகொள்ள முதலில் கணக்கைப் பார்க்க வேண்டும்.

என்.சி.ஏ.ஏ.யின் முதல் பிரிவில் ஏறத்தாழ 360 ஆண்கள் அணிகள். அணிக்குப் பதின்மூன்று பேர் என்று வைத்தாலே 4,500 பேருக்கு மேல். என்.பி.ஏ. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட். ஆண்டுதோறும் ஜூனில் நடக்கும் அதில் இரண்டு சுற்றுகளிலுமாக அதிகபட்சம் 60 பெயர்கள் வாசிக்கப்படும். அதிலும் ஒரு பங்கு ஐரோப்பாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் வருபவர்களுக்குப் போய்விடும். என்.பி.ஏ.வில் 30 அணிகள். அணிக்கு 15 முழு ஒப்பந்தங்கள், மேலே மூன்று ‘டூ-வே’ ஒப்பந்தங்கள். உலகம் முழுவதற்கும் சேர்த்து 540 இடங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது.

டிராஃப்டில் முப்பதுக்கும் முப்பத்தொன்றுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. முதல் சுற்றில் வருபவருக்குச் சம்பள அட்டவணை உண்டு; முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அந்த உத்தரவாதம் கிடையாது, பேசி வாங்க வேண்டியதுதான். 2022இல் ஹோம்கிரன் இரண்டாவதாகத் தேர்வானார். நெம்ஹார்ட் சரியாக 31ஆவது, கோட்டுக்கு ஒரு படி கீழே. ஹோம்கிரன் பாதத்தில் அடிபட்டு முதல் சீசன் முழுவதும் ஆடவில்லை. நெம்ஹார்ட் அந்த முதல் சீசனிலேயே இந்தியானாவின் தொடக்க ஐவரில் இடம்பிடித்தார். 2024இல் மூன்று ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட 5.9 கோடி டாலருக்கு ஒப்பந்த நீட்டிப்பும் பெற்றார். ஒருவரின் வாழ்க்கையை டிராஃப்ட் எண்ணை வைத்து முடிவுகட்டக் கூடாது என்பதற்கு ஒரே வகுப்பறையிலிருந்து வந்த இந்த இருவர் போதும்.

அந்த 2021-22 அணியையே முழுதாக எடுத்துக்கொள்ளலாம். போட்டித் தொடரில் முதல் தரவரிசையோடு நுழைந்து, 16 அணிகள் எஞ்சியிருந்த சுற்றில் ஆர்கன்சாவிடம் 74-68 என்று தோற்ற அணி. கோப்பைக் கணக்கில் பார்த்தால் அது ஏமாற்றம். போனவர்களைப் பின்தொடர்ந்தால் அதே அணி வேறு மாதிரித் தெரியும். ஜூலியன் ஸ்ட்ராதர் 2023இல் 29ஆவதாகத் தேர்வாகி டென்வருக்குப் போனார். ஸ்போகேன் பையனான ஆன்டன் வாட்சனை 2024இல் பாஸ்டன் 54ஆவதாக எடுத்தது.

டிம்மிக்கு 2023 டிராஃப்டில் இடமே கிடைக்கவில்லை. நான்கு ஆண்டுகளில் 2,307 புள்ளிகள் எடுத்து, கொன்சாகா வரலாற்றிலேயே அதிகம் எடுத்தவர் அவர். கூடைக்கு அருகே முதுகைக் காட்டி நின்று, காலடி வித்தையால் எதிராளியை ஏமாற்றிப் புள்ளி எடுப்பது அவருடைய கலை. கல்லூரியில் அது யாராலும் நிறுத்த முடியாத ஆயுதம். இன்றைய என்.பி.ஏ. உயரமானவர்களிடம் கேட்பது வேறு: மூன்று புள்ளி கோட்டுக்கு வெளியே நின்று எறிய வேண்டும், வேகமான கார்டுகளைத் துரத்தித் தடுக்க வேண்டும். ஆக அவர் ஜி லீகுக்குப் போனார். என்.பி.ஏ. அணிகளின் துணை அணிகள் ஆடும் போட்டி அது. சாதாரண ஒப்பந்தத்தில் ஒரு சீசனுக்குச் சுமார் நாற்பதாயிரம் டாலர் சம்பளம், சிறிய அரங்குகள், பெரும்பாலும் பெரிய கூட்டம் இல்லை. விஸ்கான்சின், ஸ்டாக்டன், லாங் ஐலண்ட் என்று அணி மாறி, வெளியிலிருந்து எறியவும் பழகி, 2025 மார்ச்சில் புரூக்ளின் நெட்ஸ் அணிக்குள் வந்தார். கோப்பை வென்ற ஹோம்கிரனின் கதையைவிட இந்தக் கதையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

மேலே சொன்ன ‘டூ-வே’ ஒப்பந்தம் 2017இல் வந்தது. அதில் இருப்பவர் என்.பி.ஏ. அணியோடும் அதன் ஜி லீக் அணியோடும் மாறி மாறி இருக்கலாம், என்.பி.ஏ.வில் ஒரு சீசனுக்கு 50 ஆட்டங்கள்வரை தயார்நிலையில் இருக்கலாம். புதுமுகத்தின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி கிடைக்கும். உங்கள் வீரர் டூ-வேயில் இருந்தால் அவருடைய பெயர் ஒரே வாரத்தில் இரண்டு வேறு ஊர்களின் ஸ்கோர் பட்டியலில் வரும். ஒன்றை மட்டும் பார்ப்பவருக்கு அவர் காணாமல் போனதாகத் தோன்றும்.

இனி அமெரிக்காவுக்கு வெளியே. இங்கேதான் பலர் பின்தொடர்வதை நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு அதில் வருத்தமுண்டு. கெவின் பாங்கோஸ் 2011 முதல் 2015 வரை கொன்சாகாவில் ஆடிய கனடா நாட்டுப் பாயின்ட் கார்டு. டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. ஸ்பெயினின் கிரான் கனாரியா, பிறகு லித்துவேனியாவின் ஜல்கிரிஸ், பிறகு பார்சலோனா, பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் செனித். ஜல்கிரிஸோடு 2018இல் யூரோலீகின் கடைசி நான்கு அணிகளுக்குள் வந்து மூன்றாம் இடம் பெற்றார். செனித்தில் ஆடிய 2020-21 சீசனில் யூரோலீகின் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். என்.பி.ஏ.வுக்கு அடுத்தபடியாக உலகின் கடினமான போட்டி யூரோலீக்தான் என்பதைக் கூடைப்பந்து அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் கிளீவ்லாந்து அவரை என்.பி.ஏ.வுக்கு அழைத்தது, அங்கே அதிகம் ஆடக் கிடைக்கவில்லை, அந்த சீசன் முடியும்முன்பே விடுவிக்கப்பட்டார். என்.பி.ஏ.வை மட்டும் பார்த்தவருக்கு பாங்கோஸ் சில மாதம் வந்துபோன ஆள். ஜல்கிரிஸின் ஊரான கௌனாஸ் நகரத்துக்காரருக்கு அவர் மறக்க முடியாத தலைவர்.

அந்த கௌனாஸ் அணியில் வளர்ந்து உலகப் புகழ் பெற்றவர் ஆர்விதாஸ் சபோனிஸ். அவருடைய மகன் டோமாந்தாஸ் கொன்சாகாவில் படித்தவர். 2016இல் 11ஆவதாகத் தேர்வாகி, ஓக்லஹோமா சிட்டி, இந்தியானா என்று மாற்றப்பட்டு, 2022 பிப்ரவரியில் சாக்ரமென்டோவுக்கு வந்தார். 2022-23 தொடங்கி மூன்று சீசன்கள் தொடர்ச்சியாக என்.பி.ஏ.வின் ரீபவுண்ட் சராசரியில் முதலிடம். ஜப்பானின் தொயாமா மாநிலத்திலிருந்து வந்த ருய் ஹாச்சிமுரா 2019இல் 9ஆவதாகத் தேர்வானார். முதல் சுற்றில் தேர்வான முதல் ஜப்பானியர் அவர். வெளிநாட்டு இளைஞர்களைத் தேடிப்பிடித்து ஸ்போகேனுக்குக் கொண்டுவந்ததில் நீண்ட காலம் உதவிப் பயிற்சியாளராக இருந்த டாமி லாயிடின் பங்கு பெரிது. 2021இல் அவர் அரிசோனா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளராகிவிட்டார். வீரர்களோடு பயிற்சியாளர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உடம்பு வழிமறித்தவர்கள் கதையும் இதில் உண்டு. மார்தினிக் தீவிலிருந்து வந்த ரோனி டூரியாஃபை 2005இல் லேக்கர்ஸ் 37ஆவதாக எடுத்தது. மருத்துவப் பரிசோதனையில் அவருடைய இதயத்தின் பெருந்தமனி வேர் வீங்கியிருப்பது தெரிந்தது. ஒப்பந்தம் ரத்தானது, அறுவை சிகிச்சைச் செலவை லேக்கர்ஸ் ஏற்றது. சில மாதங்களில் வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா என்ற சிறிய நகர அணியில் ஆடத் தொடங்கி, அதே சீசனில் லேக்கர்ஸுக்குத் திரும்பினார். 2012இல் மயாமி அணியோடு கோப்பை வென்றார்.

ஆடம் மாரிசன் 2005-06இல் ஆட்டத்துக்கு 28.1 புள்ளி எடுத்து நாட்டிலேயே முதலிடம் பெற்றவர், முதல் வகை நீரிழிவோடு ஆடியவர். 2006இல் மூன்றாவதாகத் தேர்வானார். அடுத்த ஆண்டு முழங்காலில் தசைநார் கிழிந்தது. அதன் பிறகு பழைய ஆட்டம் வரவில்லை. லேக்கர்ஸின் பெஞ்சில் இருந்தபடி இரண்டு கோப்பைகள், பிறகு பெல்கிரேட், இஸ்தான்புல், பிறகு மீண்டும் ஸ்போகேன். இப்போது கொன்சாகா ஆட்டங்களின் வானொலி வர்ணனையில் அவர் குரலைக் கேட்கலாம். அவரை ‘தோற்றுப்போன தேர்வு’ என்று எழுதுபவர்கள் அந்த முழங்காலைப் பற்றியும் எழுத வேண்டும்.

பெண்கள் அணியை விட்டுவிட்டால் பட்டியல் பாதிதான். கோர்ட்னி வாண்டர்ஸ்லூட் கொன்சாகாவில் 2,000 புள்ளிகளும் 1,000 அசிஸ்ட்களும் தொட்டவர். முதல் பிரிவில் ஆண், பெண் இருபாலரிலும் அதைச் செய்த முதல் ஆள். 2011இல் மூன்றாவதாகத் தேர்வாகி, 2021இல் சிகாகோவோடும் 2024இல் நியூயார்க்கோடும் டபிள்யூ.என்.பி.ஏ. கோப்பை வென்றார். டபிள்யூ.என்.பி.ஏ. கோடையில் நடப்பது, சம்பளமும் நீண்ட காலம் குறைவு. அதனால் குளிர்காலம் முழுவதும் வெளிநாட்டில் ஆடுவது பல வீராங்கனைகளுக்குப் பிழைப்பின் பகுதி. வாண்டர்ஸ்லூட் ஹங்கேரிக் குடியுரிமையும் பெற்றார்.

சரி, யாரை ‘நம் வீரர்’ என்று சேர்ப்பது? முன்பு இந்தக் கேள்விக்கு அதிக வேலை இல்லை. கல்லூரி மாறினால் ஓர் ஆண்டு சும்மா இருக்க வேண்டும் என்பது பழைய விதி. சான் ஹோசே ஸ்டேட்டிலிருந்து வந்த பிராண்டன் கிளார்க் 2017-18 முழுவதும் ஆடாமல் உட்கார்ந்திருந்தார். 2021இல் ஒரு முறை மாறலாம் என்று விதி தளர்ந்தது, 2024இல் அந்த எல்லையும் போனது. ஆண்ட்ரூ நெம்ஹார்ட் ஃபுளோரிடாவிலிருந்து வந்தவர். ஹன்டர் சாலிஸ் இரண்டு ஆண்டு கொன்சாகாவில் இருந்துவிட்டு வேக் ஃபாரஸ்டுக்குப் போய் அங்கேதான் பெரிய ஆட்டக்காரர் ஆனார். என் கருத்து இது: ஒரு சீசன் முழுதாக அந்தச் சட்டையைப் போட்டவர் பட்டியலில் இருக்கட்டும். ஹோம்கிரனும் ஓர் ஆண்டுதான் ஆடினார். அவரைச் சேர்த்துவிட்டு சாலிஸை விடுவது நியாயமில்லை.

தொடங்குவது எளிது. ஏதாவது ஓர் ஆண்டின் அணிப் பட்டியலை எடுத்து, பெயருக்கு எதிரே இன்றைய அணியை எழுதுங்கள். ஜூன் டிராஃப்ட் முடிந்ததும் ஜூலையில் லாஸ் வேகாஸ் கோடைத் தொடரைப் பாருங்கள். டிராஃப்டில் விடுபட்டவர்களுக்கு முதல் வாசல் அதுதான். அக்டோபரில் அணிகள் ஆட்களைக் கழிக்கும்போது பெயர்கள் இடம் மாறும். ஜனவரியில் பத்து நாள் ஒப்பந்தங்கள் தொடங்கும். பிப்ரவரியில் ஆள் மாற்றத்துக்குக் கெடு. கோடையில் தேசிய அணிகள்: 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹாச்சிமுரா ஜப்பானுக்கும், இன்னொரு கொன்சாகா வீரர் கெல்லி ஓலினிக்கும் நெம்ஹார்டும் கனடாவுக்கும் ஆடினார்கள். நம் நேரப்படி என்.பி.ஏ. பெரும்பாலும் அதிகாலையிலும் காலையிலும் வரும், யூரோலீக் நள்ளிரவைத் தாண்டி, ஜப்பான் லீகின் வார இறுதி ஆட்டங்கள் பட்டப்பகலில்.

எண்களைப் பார்க்கும்போது புள்ளிக்கு முன் நிமிடத்தைப் பாருங்கள். பயிற்சியாளர் நம்புகிறாரா என்பது அங்கே தெரியும். கடைசி ஐந்து நிமிடத்தில் களத்தில் இருந்தாரா என்பது அதைவிட முக்கியம்.

ஒருவரை இன்றே பின்தொடரத் தொடங்க வேண்டுமென்றால் ஆண்ட்ரூவின் தம்பி ரயன் நெம்ஹார்டைச் சொல்வேன். கிரெய்டனிலிருந்து கொன்சாகாவுக்கு வந்து, 2024-25இல் ஆட்டத்துக்கு 9.8 அசிஸ்ட்களோடு நாட்டிலேயே முதலிடம் பெற்றவர். உயரம் குறைவு. 2025 டிராஃப்டில் அவர் பெயரும் வாசிக்கப்படவில்லை; அந்தக் கோடையில் டாலஸ் அணியோடு டூ-வே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்.