தூளிலிருந்து பிறக்கும் பண்டங்கள்

சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடுங்கால், ஒரே மோட்டாருக்கு ஓராண்டில் மும்முறை புஷ் வாங்கிய செலவுச் சீட்டுகளை நாம் கண்டதுண்டு. அந்தப் புஷ் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதை அறிந்தால் இவ்வீண் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

சிறு மோட்டார்களிலும் மின்விசிறிகளிலும் உள்ள வெண்கலப் புஷ்கள் பல, உருக்கி வார்க்கப்பட்டவையல்ல, தூளிலிருந்து செய்யப்பட்டவை. செம்புத் தூள் சுமார் 90 பங்கும் வெள்ளீயத் தூள் 10 பங்கும் கலந்து, எஃகு அச்சிலிட்டுப் பெரும் அழுத்தத்துடன் நெருக்குகின்றனர். பின்னர் காற்றுப் படாத உலையில் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுகின்றனர். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும்; ஆதலால் அது உருகுவதில்லை. வெள்ளீயமே உருகிச் செம்புடன் கலக்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, இடையில் நுண்துளைகள் நிற்கின்றன. இவை குறையல்ல, வேண்டியே விடப்பட்டவை. புஷ்ஷின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கான இத்துளைகளில் எண்ணெய் ஊட்டப்படுகிறது. தண்டு சுழன்று சூடேறுங்கால் எண்ணெய் கசிகிறது. நின்று ஆறியதும் உள்ளே திரும்புகிறது.

தோட்டங்களில் நாம் காணும் கரிய நீர்த்தொட்டியும் தூளிலிருந்தே பிறக்கிறது; ஆயினும் வழி வேறு. பாலிஎத்திலீன் தூளை உள்ளீடற்ற அச்சிலிட்டு மூடி, சூட்டறையில் இரு போக்காக மெல்லச் சுழற்றுகின்றனர். சுமார் 130 டிகிரி அளவில் தூள் உருகத் தொடங்கி, அச்சின் உட்புறமெங்கும் தோல்போலப் படிகிறது. அழுத்தம் வேண்டுவதில்லை. சுழன்றவாறே ஆறியபின், ஒட்டு இல்லாத தொட்டி வெளிவருகிறது. இங்குத் தூள் முற்றும் உருக வேண்டும். சுவரில் குமிழிகள் நின்றால் அதுவே குறை.

ஆக, புஷ்ஷுக்குத் துளையே உயிர். தொட்டிக்குத் துளையே பகை. இதனை மனத்திற்கொண்டு அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை வருமாறு:

புஷ்ஷின் உட்புறத்தை அரத்தால் தேய்க்கலாகாது, துளைகள் அடைபடும். பெட்ரோல் அல்லது மண்ணெண்ணெயில் கழுவலாகாது. ஊட்டிய எண்ணெய் போய்விடும். கிரீஸ் தடவலாகாது, மெல்லிய மோட்டார் எண்ணெயே தக்கது.

தொட்டி வாங்குவோர், குழாய்க்காக வெட்டிய இடத்தில் சுவரின் கனத்தையும் குமிழிகளையும் பார்க்க வேண்டும். அடிப்பாகம் முழுவதும் சமதளத்தில் அமர வேண்டும். வெடிப்புக் கண்டால் சாதாரணப் பசை பயன்படாது. அதே பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுவதே முறை.

ஒரு புஷ்ஷின் விலை சிறிது. ஆனால் அதனால் யந்திரம் நிற்கும் நாளின் கூலி பெரிது. கொள்முதல் செய்யும் முன்னர் இவற்றை நிர்வாகக் குழுவினர் பழுதுபார்ப்போருக்கு எடுத்துரைப்பாராக.