கைக்கெட்டும் தூரத்துக்கு எத்தனை வாட் வேண்டும்?

கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர் வாங்கப் போகிறவரின் கண்ணில் முதலில் படுவது, அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்ட ஓர் எண். ஆயிரத்துச் சொச்சம் விலையுள்ள ஜோடியின் பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ. 2000 வாட்’ என்று போட்டிருக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி 1000 வாட். அதைப்போல் இரண்டு பங்கு சக்தி, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள் எங்கிருந்து வரும்? வராது. பி.எம்.பி.ஓ. என்பதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை எதுவும் கிடையாது. தயாரிப்பவர் தன் விருப்பப்படி கணக்குப் போட்டு அச்சிடுகிற எண் அது. அதை நம்பி யாரும் ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

உண்மையைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்ற எண். ஸ்பீக்கர் தொடர்ந்து தாங்கி ஒலிக்கக்கூடிய சக்தி அது. பெட்டியில் ஆர்.எம்.எஸ். போடவில்லை என்றால், அடாப்டரைத் திருப்பி அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 12 வாட். மேலே பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே போவது 12 வாட் என்றால் தொடர்ந்து வெளியே வருவதும் அதற்குள்தான். யு.எஸ்.பி.யில் செருகி ஓடும் ஸ்பீக்கருக்கு அடாப்டரே கிடையாது. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை தரக்கூடியது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட். லாஜிடெக் நிறுவனம் தன் இசட்120 மாடலுக்கு 1.2 வாட் ஆர்.எம்.எஸ். என்று வெளிப்படையாகவே போடுகிறது. பக்கத்தில் ஆயிரக்கணக்கான வாட் போட்ட பெட்டியோடு அதை வைத்துப் பார்த்தால் நோஞ்சானாகத் தெரியும். ஆனால் அதுதான் நேர்மையான எண்.

அப்படியானால் 1.2 வாட் போதுமா என்று கேட்பீர்கள். மேசைக்கு என்றால் போதும். கணக்கைப் பார்ப்போம். ஒலி, தூரத்தோடு சேர்ந்து குறையும். தூரம் பாதியானால் 6 டெசிபல் கூடும். சுமாரான ஒரு சிறிய ஸ்பீக்கர் ஒரு வாட் வாங்கிக்கொண்டு ஒரு மீட்டர் தள்ளி 84 டெசிபல் ஒலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் நம் காதுக்கும் அதற்கும் அரை மீட்டர்தான். அங்கே அதே ஒரு வாட் 90 டெசிபல் ஆகிறது. எட்டு மணி நேரம் கேட்பதற்குக் காதின் வரம்பு 85 டெசிபல் என்று தொழில் சுகாதார வல்லுநர்கள் வகுத்திருக்கிறார்கள். நாம் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவது 60-ஐ ஒட்டியது. 70 டெசிபலில் பாட்டுக் கேட்க, அந்த ஸ்பீக்கருக்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு போதும். பாட்டுக்கு நடுவே தவில் எகிறும் இடங்களுக்காக முப்பது மடங்கு ஒதுக்கினாலும் அரை வாட்டைத் தொடாது. இன்னொன்று, சத்தம் இரு மடங்காகக் கேட்க வேண்டுமானால் சக்தி ஏறத்தாழ பத்து மடங்காக வேண்டும். 5 வாட்டிலிருந்து 50 வாட்டுக்குப் போனாலும் காதுக்குக் கிடைப்பது அந்த ஒரு படிதான்.

ஆகவே வாட்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். கோனுக்கும் பெட்டிக்கும் கொடுங்கள். ஸ்பீக்கருக்குள் முன்னும் பின்னும் ஆடும் கூம்புதான் கோன். இரண்டு அங்குலக் கோனால் தள்ள முடிகிற காற்று கொஞ்சம்தான். 100, 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது தளர்ந்துவிடும். நான்கு அங்குலக் கோன் அதைவிடக் கீழே இறங்கும். பேஸ் கிடாரின் அடித் தந்தி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. எந்தச் சின்ன ஸ்பீக்கரும் அதை முழுதாக எழுப்பாது. இருந்தாலும் அந்தச் சுரம் நமக்குக் கேட்கிறது என்பது செவிப்புலனின் விந்தை. அடிச் சுரத்தின் மேல் எழும் துணை அதிர்வுகளை மட்டும் கொடுத்தால்கூட, மூளை அடியில் இருப்பதைத் தானே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. ஆகவே அந்தத் துணை அதிர்வுகளைச் சிதைக்காமல் தருகிற ஸ்பீக்கரில், பேஸ் இல்லாமலே ஓரளவு பேஸ் கேட்டுவிடும். சிதைத்துத் தருகிற ஸ்பீக்கரில் ‘டம் டம்’ மட்டும்தான் மிஞ்சும்.

இந்த ‘டம் டம்’தான் நம்மூர்க் கடைகளில் அதிகம் விற்கிறது. மேசைக்கு மேல் இரண்டு குட்டிப் பெட்டி, கீழே ஒரு சப் ஊஃபர் என்ற 2.1 செட்டுக்கு இருக்கும் மவுசு, வெறும் இரண்டு பெட்டி கொண்ட 2.0-க்கு இல்லை. மலிவு விலை 2.1-ல் பெரும்பாலும் நடப்பது இதுதான்: சப் ஊஃபர் காசைத் தின்றுவிடும், மேலே இருக்கும் குட்டிப் பெட்டிகளுக்கு இரண்டு அங்குலத்துக்கும் சிறிய கோனும் காகிதம் போன்ற பிளாஸ்டிக்கும் மிஞ்சும். மனிதக் குரல் வாழ்வது நடு அலைவரிசையில். அதை முழுதாகச் சப் ஊஃபரும் எடுக்காது, குட்டிப் பெட்டியும் தாங்காது. குத்துப்பாட்டு அறையை அதிரவைக்கும். யேசுதாஸின் குரல் எங்கோ தொலைவிலிருந்து வரும். ஒரே பணத்துக்கு இரண்டும் கிடைத்தால், நான் கண்ணை மூடிக்கொண்டு 2.0-வைத்தான் சொல்வேன். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. சுவரைத் தாண்டிப் போவது பேஸ்தான். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல்தான் வரம்பு என்கின்றன 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். பக்கத்து வீட்டுப் பாப்பா தூங்கும் நேரத்தில் தரையில் உட்கார்ந்த சப் ஊஃபர் நல்லுறவுக்கு உதவாது.

குரலை முதலில் வை என்பது புதிய யோசனை இல்லை. பி.பி.சி. 1970-களில் தன் ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ். 3/5ஏ என்ற குட்டி ஸ்பீக்கரை வடிவமைத்தது. வேனுக்குள் இடம் கிடையாது. பொறியாளர் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஆழ்ந்த பேஸை விட்டுக்கொடுத்து, மனிதர் பேசுவது மனிதர் பேசுவதாகவே கேட்க வேண்டும் என்பதற்கு முதலிடம் தந்தார்கள். அது இன்றும் உலகெங்கும் தேடி வாங்கப்படுகிறது. நம் கம்ப்யூட்டர் மேசையின் நிலையும் அந்த வேனின் நிலைதான்.

கடையில் கேட்டுப் பார்க்கும்போதும் இதே வழிதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடத்தில் கவுன்ட்டர் முன்னால் நின்றால், “சார், இதோட பேஸை மட்டும் கேளுங்க” என்று ஓர் அதிரடிப் பாட்டைப் போட்டு வால்யூமை முழுக்கத் திருப்புவார்கள். எது சத்தமாக இருக்கிறதோ அது நன்றாக இருப்பதாகக் காதுக்குத் தோன்றும். விற்பவருக்கு இது நன்றாகத் தெரியும். “தம்பி, சவுண்டைக் குறைச்சிட்டு என் போன்ல இருக்கிறதைப் போடுங்க” என்று தயங்காமல் கேளுங்கள். முதலில், இசை சேராத பேச்சு: செய்தியோ சொற்பொழிவோ. ஆண் குரலில் இல்லாத முழக்கம் சேர்கிறதா? ‘ச’வும் ‘ஸ’வும் வரும் இடத்தில் காதைக் கீறுகிறதா? அடுத்து, நன்றாக ஒலிப்பதிவான ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் வலந்தலையில் விரல் படும் ‘நம்’மும் தொப்பியிலிருந்து எழும் ‘தொம்’மும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் தொடங்கி முடிவது தெரியும்படி கேட்க வேண்டும். வேகம் கூடும்போது எல்லாம் குழம்பி ஒரே இரைச்சலானால் அந்த ஸ்பீக்கரைக் கீழே வைத்துவிடலாம். கடைசியாகத் தம்புராவை மட்டும் ஓடவிடுங்கள். அதன் ஜீவாளி மினுமினுப்பு முழுக்க மேல் அலைவரிசையில் இருக்கிறது. அதை ஒலிக்கும் ட்வீட்டர் சரியில்லாத பெட்டியில் தம்புரா வெறும் முனகலாகிவிடும். இந்த மூன்றையும் மெதுவான வால்யூமில் கேளுங்கள். வீட்டில் நாம் பெரும்பாலும் கேட்கப்போவது அந்த வால்யூமில்தான்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெப்ரானிக்ஸ் தொடங்கி சிங்கப்பூரின் கிரியேட்டிவ், சீனாவின் எடிஃபையர் வரை எல்லா விலைக்கும் ஆள் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள் யு.எஸ்.பி. ஜோடி ஒன்று ஆன்லைன் வகுப்புக்கும் செய்திக்கும் தாராளம். இரண்டாயிரத்தைத் தாண்டினால் பாட்டும் காதுக்கு இதமாகிறது. அதற்குமேல் சேர்த்துவைத்து வாங்க முடிந்தவர்களுக்கு எடிஃபையர் ஆர்1280டி போன்ற மரப்பெட்டி ஜோடி: நான்கு அங்குலக் கோன், தனியாகப் பட்டுத்துணி ட்வீட்டர், 42 வாட் ஆர்.எம்.எஸ். மரத்தூள் பலகையில் செய்த கனமான பெட்டி, தானே அதிர்ந்து ஒலியைக் கெடுக்காது. கையில் தூக்கிப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ப்ளூடூத் இருக்கிறதே என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ப்ளூடூத்தில் ஒலி, ஒரு நொடியில் பத்தில் ஒன்றோ இரண்டோ பங்கு பிந்தி வரும். படம் பார்க்கும்போது சமாளிக்கலாம். பிள்ளை ஆன்லைனில் பாட்டு கற்கும்போது தாளம் கெட்டுவிடும். மேசையில் இருக்கும் பொருளுக்கு ஒயரே நல்லது.

வாங்கி வந்த பிறகு பலரையும் அலைக்கழிப்பது ‘ஹம்’. பாட்டு நின்றதும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல்; மவுஸை நகர்த்தினால் ‘கீ’ என்று ஒரு கீச்சு. ஸ்பீக்கர் பழுது என்று எண்ணித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். பல நேரம் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை. யு.எஸ்.பி. ஒயரும் ஆடியோ ஒயரும் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து வரும்போது இரண்டின் கிரவுண்டும் சேர்ந்து ஒரு வளையமாகி, கம்ப்யூட்டருக்குள் ஓடும் மின் இரைச்சல் ஆடியோ ஒயருக்குள் நுழைந்துவிடுகிறது. யு.எஸ்.பி. ஒயரைப் பிடுங்கிப் பழைய போன் சார்ஜரில் செருகுங்கள். பெரும்பாலும் அங்கேயே அடங்கிவிடும். லேப்டாப் என்றால், சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் அது எர்த் வழியாக வருகிறது என்று அர்த்தம். அதற்கு ‘கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்’ என்று ஒரு குட்டிச் சாதனம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆடியோ ஒயருக்கு நடுவில் செருகினால் போதும். ஹம் போகும் என்று சொல்லி மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை யாராவது உடைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். அது உயிரைக் காக்கும் பின்.

கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பக்கத் துளையில் செருகுவதும் இரைச்சலுக்கு ஒரு காரணம். அங்கிருந்து மதர்போர்டு வரை உள்ளே ஓடும் மெல்லிய ஒயர், வழியில் இருக்கும் மின் இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பின்பக்கத்துப் பச்சைத் துளையில் செருகுங்கள். கம்ப்யூட்டரில் வால்யூமை 80, 90-க்கு ஏற்றிவிட்டு, ஸ்பீக்கரின் குமிழைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் பாட்டு பலமாக இருந்தால், கூட வரும் இரைச்சல் அமுங்கிப்போகும்.

வைக்கும் இடத்தில் காசே செலவில்லாமல் கிடைப்பது நிறைய. இரண்டு பெட்டியையும் மானிட்டருக்கு இருபுறமும் சம தூரத்தில் வையுங்கள். பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் தூரமும், ஒவ்வொரு பெட்டியிலிருந்து தலை வரை உள்ள தூரமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். மேல் அலைவரிசை நேர்கோட்டில் போகிற சுபாவம் உள்ளது. மேசையில் தாழ்வாக நிற்கும் பெட்டி நம் நெஞ்சைப் பார்த்துப் பாடுகிறது; காதுக்கு மந்தமாகத்தான் வரும். கிரியேட்டிவின் பெபிள் மாடலில் கோனை 45 டிகிரி மேல்நோக்கிச் சாய்த்து வைத்திருப்பது இதற்காகத்தான். சாயாத பெட்டியாக இருந்தால் முன்பக்கத்து அடியில் ஓர் அழிரப்பரைக் கொடுத்து அண்ணாந்து பார்க்க வையுங்கள். முதுகில் துளை உள்ள பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். மூலையில் ஒடுக்கினால் பேஸ் உப்பிக் குரலை மூடிவிடும்.

புதிதாக வாங்குவதற்கு முன் ஒரு முறை பரணையும் பாருங்கள். பழைய மியூசிக் சிஸ்டத்தின் இரண்டு மரப்பெட்டிகள் பல வீடுகளில் சும்மா கிடக்கின்றன. சி.டி. ஓடும் பாகம் செத்துப்போயிருக்கும். ஸ்பீக்கருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. துணியைக் கழற்றிக் கோனின் விளிம்பை விரலால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் விளிம்பு நன்றாகவே இருக்கும். ஃபோம் விளிம்பு நம் வெக்கைக்கும் ஈரத்துக்கும் பொடிந்து உதிர்ந்திருக்கலாம். அதையும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். டி.பி.ஏ.3116 சிப் பொருத்திய குட்டி ஆம்ப் போர்டு சில நூறு ரூபாய்தான். பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டரே அதற்குக் கரண்ட் கொடுத்துவிடும். பெட்டியின் பின்னால் எழுதியிருக்கும் ஓம் எண்ணை, போர்டு தாங்கும் ஓமோடு மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இப்படிச் சேர்த்த ஜோடி, கடையில் அதே பணத்துக்குக் கிடைக்கும் எதையும் விடப் பெரிதாக ஒலிக்கும் என்று தைரியமாகச் சொல்வேன்.

ஒயர் இணைக்கும்போது சிவப்பு சிவப்போடும் கறுப்பு கறுப்போடும் சேர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் மாறிப்போனால், ஒரு கோன் முன்னே வரும்போது இன்னொன்று பின்னே போகும். பேஸ் ஒன்றையொன்று அடித்துக் காணாமல் போய்விடும். செய்தி வாசிப்பு ஒன்றைப் போட்டுப் பாருங்கள். குரல் மானிட்டருக்கு நடுவிலிருந்து வந்தால் எல்லாம் சரி. இரண்டு பக்கமும் சிதறி, எங்கிருந்து வருகிறது என்றே புரியாவிட்டால், ஒரே ஒரு பெட்டியின் ஒயர்களை மட்டும் மாற்றிப் போடுங்கள்.